தடைக்காலத்தில் வரும் ஸ்ட்ரைக்கர்: கடையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தூத்தூருக்கும் நீரோடிக்கும் நடுவே, கடற்கரைச் சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. தூண்டில், தங்கூசி, கயிறு விற்கிறேன். மூலையில் ஒரு டிவி இருக்கிறது. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அங்கிருந்து கேரளா. இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் பந்து என்றால் உயிர்.

எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கால்பந்துக் கிளப்புகள் ஆள் பிடிப்பதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். ஆக, படகெல்லாம் கரையில் கிடக்க, ஊர் ஆண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பிலிருந்து 'புது ஸ்ட்ரைக்கர் வருகிறான்' என்று செய்தி வரும். ஸ்ட்ரைக்கர் என்றால் முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். அப்புறம் என் கடையில் தூண்டில் விற்காது, பேச்சுதான் ஓடும். வருடா வருடம் அதே சந்தேகங்கள், அதே சண்டை. ஒரு தடவை எழுதிவைத்தால் தொண்டையாவது மிஞ்சுமே என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, புதுசா ஒரு வெளிநாட்டுக்காரன் கையெழுத்துப் போட்டுட்டானாமே, நெசமா?

கிளப் தன் சொந்தப் பக்கத்தில், மஞ்சள் சட்டையோடு அவன் படத்தைப் போட்டுவிட்டதா? போட்டிருந்தால் நிஜம். இல்லையென்றால் அது இன்னும் பேச்சு. 'கிட்டத்தட்ட முடிந்துவிட்டது', 'மெடிக்கல் மட்டும் பாக்கி' என்று வரும் செய்திகளில் பல, ஆட்டக்காரனின் ஏஜெண்டே வேறொரு கிளப்பிடம் விலையை ஏற்றுவதற்காகக் கசியவிடுவது. ஒரே ஜூலையில் நாலு ஸ்ட்ரைக்கர்களை இந்த ஊர் வாங்கி, வரவேற்று, ஜெர்சி நம்பர் வரை கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வந்தது ஐந்தாவது ஆள்.

ஒரு டீம்ல எத்தன வெளிநாட்டுக்காரன் ஆடலாம்?

ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், 2014-இல் தொடங்கியபோது களத்தில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18 சீசனில் அது ஐந்தானது. 2021-22 முதல் களத்தில் நான்கு பேர், அணியில் மொத்தம் ஆறு பேர் என்று குறைத்தார்கள்.

இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும். களத்தில் நாலே இடம் என்றால் ஒரு கிளப் எதற்கு முதலில் செலவழிக்கும்? நடுப் பின்காப்புக்கு ஒருவன், நடுக்களத்துக்கு ஒருவன், முன்னால் ஒருவனோ இருவரோ. அதனால்தான் வரும் ஸ்ட்ரைக்கர் தலையில் இவ்வளவு பாரம். ஆறு பேர் ஆடிய காலத்தில் ஒருவன் சொதப்பினால் இன்னொருவன் மறைத்துவிடுவான். இப்போது மறைவிடம் கிடையாது.

ஒப்பந்தம் போட்டாச்சு, ஏர்போர்ட்ல மாலையும் போட்டாச்சு. பின்ன ஏன் முதல் மேட்ச்ல பெஞ்சுல கூட காணல?

கையெழுத்து வேறு, ஆடும் தகுதி வேறு. அவன் கடைசியாகப் பதிவாகியிருந்த நாட்டுச் சங்கத்திலிருந்து நம் நாட்டுச் சங்கத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்து டிசி மாதிரிதான். ஃபிஃபாவின் கணினி வழியாக நடக்கிறது. பழைய கிளப்போடு சம்பளத் தகராறு இருந்தால் இழுக்கும். அதோடு விசாவும் சேர வேண்டும்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் உடம்பு தயாராக வேண்டாமா? ஐரோப்பாவில் சீசன் மே மாதத்தில் முடிகிறது. இரண்டு மாதம் கடற்கரையில் கிடந்துவிட்டு வந்தவனைக் கொச்சிப் புழுக்கத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடச் சொன்னால் தொடை பிடித்துக்கொள்ளும். தடை முடிந்து முதல் நாள் வலை இழுக்கும்போது நம் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

யூடியூப்ல பார்த்தேன், சும்மா பொளந்து கட்டுறான். நீங்க ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?

யூடியூபில் நானும் ஒரு நாலு நிமிடத் துண்டில் சூப்பராகத்தான் தெரிவேன். அந்தத் துண்டுப் படங்களை வெட்டி ஒட்டுவது விற்கிற தரப்புதான். தவறவிட்ட வாய்ப்பு அதில் இருக்குமா?

போன ஒரு தடைக்காலத்தில் இப்படி ஒன்றைக் கடை டிவியில் போட்டு எட்டுப் பேர் பார்த்தோம். பத்துப் பதினொரு கோல். எல்லோரும் விசில். மூன்றாவது தடவை ஓட்டியபோது ஒரு பொடியன், ஏழாம் வகுப்பு இருக்கும், 'மாமா, எல்லாத்துலயும் அந்தக் கோல்கீப்பர் ஒரே பச்சச் சட்டைதான்' என்றான். நிறுத்திப் பார்த்தால், ஆறு கோல் ஒரே ஆட்டத்தில், ஒரே அணிக்கு எதிராக அடித்தது. கோணத்தை மாற்றி மாற்றிக் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு மேல் நான் துண்டுப் படம் பார்ப்பதில்லை.

பதிலாக ஆட்டக்காரர்களின் கணக்கெல்லாம் வைத்திருக்கும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் நாலு விஷயம் பார்க்கிறேன். கடைசி இரண்டு சீசனில் எத்தனை நிமிடம் ஆடினான். அடித்ததில் எத்தனை பெனால்டி. எந்த லீக். எத்தனை நாள் காயத்தில் கிடந்தான். முதலாவதுதான் முக்கியம். கோல் குறைவானவனைக்கூட நம்பலாம். இரண்டு வருடத்தில் முழுதாகப் பத்து ஆட்டம் ஆடாதவனை நம்பாதீர்கள்.

33 வயசாம். கிழவனக் கொண்டாந்திருக்கானுவளே?

இந்தக் கேள்விக்கு இரண்டு பெயரைச் சொன்னால் போதும். பெர்பட்டோவ், ஒக்பெச்சே.

திமித்தர் பெர்பட்டோவ் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடியவர். 2010-11 பிரீமியர் லீக்கில் 20 கோல், அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர். 2017-இல், 36 வயதில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். இந்தக் கரையில் அன்றைக்கு நடந்த கொண்டாட்டத்துக்கு அளவில்லை. ஐஎஸ்எல்லில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். எங்கள் ஊர்க்காரர்களிடம் அந்த சீசனைப் பற்றி ரொம்பக் கேட்காதீர்கள். அது தொடங்கிய இரண்டாவது வாரம் ஒக்கி புயல் வந்தது. அதற்கப்புறம் பல நாள் இந்தத் தெருவில் யாரும் டிவி போடவில்லை.

பார்த்தலோமியு ஒக்பெச்சே 2019-20 சீசனுக்கு வந்தபோது அவருக்கும் 35 நடப்பு. 15 கோல். கோவாவின் இகோர் அங்குலோ 37-ஐத் தொட்ட சீசனில் 14 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். ஆக, வயதைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். பின்னுக்கு இறங்கிப் பந்து வாங்கி, மெதுவாக நெய்து ஆடுகிறவனுக்குச் சுற்றி இருப்பவர்களும் அதே புத்தியோடு ஓட வேண்டும். பெர்பட்டோவுக்கு அது கிடைக்கவில்லை. கோல் பெட்டிக்குள் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நிற்கத் தெரிந்தவனுக்கு அறுபது மீட்டர் ஓட்டம் தேவையில்லை.

முன்னெல்லாம் எவ்வளவு பெரிய ஆளுக வந்தாங்க! இப்ப ஏன் பேரு தெரியாதவனா வாரான்?

2014-இல் தெல் பியரோ, அனெல்கா, ட்ரெசெகே, பிரெஸ், யுங்பெர்க் எல்லாம் வந்தது லீக்குக்கு விளம்பரம் வேண்டும் என்பதற்காக. டிக்கெட் விற்றது. ஆட்டத்தை வென்று தந்ததா என்றால், எல்லோரும் அப்படியில்லை. முதல் சீசனில் பிளாஸ்டர்ஸை இறுதிவரை இழுத்துப் போனதில் பெரிய பங்கு இயன் ஹியூமுக்கு. அவர் பெயரை அதற்கு முன் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. தலையில் தழும்போடு மொட்டைத் தலை மனுஷன் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் சொல்வார்கள்.

நாலு மேட்ச் ஆச்சு, ஒரு கோல் கெடையாது. திருப்பி அனுப்பிரலாமா?

அவசரப்படாதீர்கள். 2022-இல் கிரீஸ் நாட்டு திமித்ரியோஸ் தியாமந்தகோஸ் வந்தார். முந்தைய சீசனின் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் போய்விட்ட கோபம் ஏற்கெனவே இருந்தது. முதல் சில ஆட்டங்களில் கோல் வரவில்லை. அணியும் வரிசையாகத் தோற்றது. என் மைத்துனன் மகன் மார்த்தாண்டத்தில் அச்சடித்து 'டிமி' என்று பெயர் போட்ட ஜெர்சி வைத்திருந்தான். நாலாவது ஆட்டம் முடிந்த ராத்திரி, கடையிலிருந்த படகுப் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்து அந்தப் பெயர் மேல் ஒட்டிவிட்டான். எண்ணை மட்டும் விட்டுவைத்தான்.

அப்புறம் கோல் வரத் தொடங்கியது. அந்த சீசன் லீக்கில் 10. அடுத்த சீசனில் 13, கோல்டன் பூட்டும் அவருக்கே. பையன் டேப்பைப் பிய்த்தான். பழுப்பு டேப் சும்மா வருமா, ஓர் எழுத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. 'டி' போய் 'மி' மட்டும் மிச்சம். இரண்டு வருடம் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று கேட்டால், என் கணக்கு எட்டு ஆட்டம். அதற்குள் பக்கவாட்டு ஆட்டக்காரன் எப்போது குறுக்கே அடிப்பான், நடுக்களத்தான் எந்தக் காலால் தள்ளுவான் என்பது பழகிவிடும். எட்டுக்குப் பிறகும் வாய்ப்பே உருவாகவில்லை என்றால் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கர் எதுக்குண்ணே? ஊறுகா போடவா?

2021-22 பிளாஸ்டர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அல்வரோ வாஸ்கெஸ் 8 கோல், ஹோர்ஹே பெரெய்ரா தியாஸ் 8 கோல். இரண்டு பேருமே லீக்கின் முதல் இடத்துக்குக் கிட்டே கூட இல்லை. அந்த சீசனில் ஹைதராபாத்துக்காக ஒக்பெச்சே மட்டும் 18 அடித்தார். ஆனாலும் பிளாஸ்டர்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது. காரணம், தியாஸ் பின்காப்பாளர்களை நிம்மதியாக ஒரு பாஸ் போட விடமாட்டார். முட்டுவார், துரத்துவார், சண்டைக்கு நிற்பார். அவர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போன இடைவெளியில் வாஸ்கெஸும் நடுக்களத்து லூனாவும் நுழைந்தார்கள்.

இதற்கு மறுபக்கம், மேலே வயதுக் கேள்வியில் சொன்ன ஒக்பெச்சேயின் 15 கோல். அந்த 2019-20 சீசனில் பிளாஸ்டர்ஸ் முடித்த இடம் ஏழாவது. முன்னால் அடித்ததைப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 15 கோல் ஸ்ட்ரைக்கர் வேண்டுமா, இறுதி ஆட்டம் வேண்டுமா என்று நானாகக் கேட்டால் கடையில் ஒரு ஆள் பதில் சொல்வதில்லை.

நாம தமிழ்நாட்டுக்காரன். சென்னையின் எஃப்சி இருக்கும்போது கேரளா டீமுக்கு ஏன் கத்தணும்?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் நாகர்கோவில் பக்கம் பெண் எடுத்தவராகவோ சென்னையில் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். தப்பில்லை. சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கியது. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றது. இதைச் சொல்லி அவர்கள் சிரிக்கும்போது நமக்குப் பதில் கிடையாது. 2015-இல் சென்னைக்கு ஆடிய கொலம்பியாக்காரர் மென்டோசா 13 கோல் அடித்துப் போட்ட ஆட்டத்தை நானும் ரசித்தவன்தான்.

ஆனால் எங்கள் ஆழ்கடல் படகுகள் பல கொச்சித் தோப்பும்படியில்தான் கட்டுகின்றன. சுறா பிடிக்கப் போகிறவன் டீசலும் ஐசும் ஏற்றுவது அங்கே, மீனை ஏலம் விடுவது அங்கே. கரைக்கு வந்த சாயங்காலம் கையில் பங்குப் பணத்தோடு கலூர் ஸ்டேடியத்துக்குப் போகிறான். சென்னை இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். என் அப்பா இன்னும் 'பந்துகளி' என்றுதான் சொல்வார். மாநிலக் கோடு காளியக்காவிளையில் இருக்கிறது, சரி. அலைக்கு அது தெரியாது என்று வசனம் பேசவில்லை, பஸ் கட்டணத்தைச் சொல்கிறேன்.

செவன்ஸ்ல வார ஆப்பிரிக்காக்காரனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

பணமும் காகிதமும்தான் முதல் வித்தியாசம். மலபார்ப் பக்கம் மழை ஓய்ந்ததும் தொடங்கும் செவன்ஸ் ஆட்டங்களில் பக்கத்துக்கு ஏழு பேர், சின்னக் களம், மூங்கில், கமுகு கட்டிய கேலரி. நைஜீரியா, கானா, லைபீரியா என்று எங்கிருந்து வந்தாலும் அங்கே எல்லோரையும் 'சுடானி' என்பார்கள். பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. இன்றைக்கு அடிக்காதவனுக்கு நாளை ஆட்டமில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் ஆட்களின் நாலு ஆட்டப் பொறுமையின்மை அங்கிருந்து வந்ததுதான். செவன்ஸில் முப்பது மீட்டர் தள்ளி நின்று அடித்தாலே கோல். பதினொரு பேர் ஆட்டத்தில் அப்படி வராது. கண் அங்கே பழகிவிட்டது.

எங்க சட்டயப் போட்டுட்டு முத்தம் கொடுத்தான். அடுத்த வருசம் எதிரி டீம். துரோகம் இல்லியா?

முத்தம் கேமராவுக்கு. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. வாஸ்கெஸ் கோவாவுக்கும், தியாஸ் மும்பைக்கும், 2024-இல் தியாமந்தகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்கும் போனார்கள். ஒக்பெச்சே முதலில் மும்பை, அப்புறம் ஹைதராபாத். 2022 மார்ச்சில் பிளாஸ்டர்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றது அந்த ஹைதராபாத்திடம்தான், பெனால்டியில். அன்றைக்குக் கடை ஷட்டரை ஒருவர் காலால் உதைத்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

ஆனாலும் துரோகம் என்று சொல்லமாட்டேன். தடைக்காலத்தில் நம்மில் எத்தனை பேர் நல்ல பங்கு தரும் படகுக்கு மாறுகிறோம்? மாறின ஆளைப் பழைய படகு முதலாளி திட்டுகிறார், ஆனால் ஊர் திட்டுவதில்லை. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே காலவரையின்றி நிறுத்திவைத்தார்களே, நடத்துகிற நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று. லீக் நடக்குமா என்றே தெரியாமல் எத்தனை பேர் காத்திருந்தார்கள்! விசுவாசம் இரண்டு பக்கமும் வேண்டும்.

எல்லா ஸ்ட்ரைக்கரும் வெளிநாட்டுக்காரன்னா, நம்ம பயலுவ எப்ப முன்னால நிப்பானுவ?

இதைக் கேட்டவர் ஒரு அப்பா. மற்றக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொன்ன நான் இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

2014 முதல் 2024-25 வரை பதினொரு சீசன். ஐஎஸ்எல் கோல்டன் பூட்டை ஒரு இந்தியர்கூட வாங்கியதில்லை. எலானோவில் தொடங்கி, 2024-25-இல் நார்த்ஈஸ்டுக்கு 23 கோல் அடித்த மொராக்கோவின் அஜரை வரை எல்லோரும் வெளிநாட்டவர். அதே சீசனில் இந்தியர்களில் அதிகம் அடித்தவர் 14 கோலோடு சுனில் சேத்ரி, 40 வயதில். 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் இடத்தில் நிற்க ஆளில்லை.

எங்கள் கரையைப் பாருங்கள். பக்கத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் ஆடியவர். நல்ல இடது கால், வேகம், கோல் போடவும் தெரியும். 2019-20-இல் ஏடிகே கோப்பை வாங்கியபோது அவர் ஆடிய இடம் இடது ஓரம். நடு முனையில் ஃபிஜியின் ராய் கிருஷ்ணாவும் ஆஸ்திரேலியாவின் டேவிட் வில்லியம்ஸும். அணிக்கு அது சரியான முடிவு. இரண்டாவது கேள்வியில் சொன்ன இடக் கணக்கு இங்கேதான் கடிக்கிறது. இடங்களைக் குறைத்தால் இந்தியர்களுக்கு வாய்ப்பு என்றார்கள். வந்த வாய்ப்பு ஓரங்களிலும் பின்காப்பிலும்தான். ஒன்பதாம் எண்ணை, அதாவது ஸ்ட்ரைக்கர் இடத்தை, கிளப்புகள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டு வயதில் நன்றாகக் கோல் அடிக்கிற பையனை நானே, 'மக்கா, நீ ஓரத்துல ஆடிப் பழகு, அங்கதான் இடம் கிட்டும்' என்று தள்ளிவிட்டிருக்கிறேன். அந்த அப்பாவின் மகனும் அதில் ஒருத்தன். அதனால்தான் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. இப்போது அவனை நடுவில் ஆட விட்டிருக்கிறேன். வீணாய்ப் போகலாம், தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

சரி, அதெல்லாம் இருக்கட்டும். இப்ப வந்தவன் எத்தன கோல் அடிப்பான்? பந்தயம் கட்டவா?

பந்தயம் என் கடையில் கிடையாது. ஒரு தடவை கட்டி, ஒரு பெட்டி தூண்டிலைத் தோற்றவன் நான். எட்டு ஆட்டம் முடியட்டும், ஏழாவது கேள்வியில் சொன்னதுபோல.

இதைக் கேட்டவர் ஆகஸ்ட் முதல் நாள் தோப்பும்படியிலிருந்து கிளம்பிவிட்டார். தங்கல் தொழில், நாற்பது நாளாவது ஆகும். மூன்றாவது நாளே போன் சிக்னல் போய்விடும். அப்புறம் பின்னால் வரும் படகுகள் வயர்லெஸில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கடத்தும் செய்திதான். போன தடவை அப்படிப் போன இரண்டுக்கு ஒன்று, லட்சத்தீவுப் பக்கம் அவர் காதில் மூன்றுக்கு ஒன்றாக விழுந்திருக்கிறது. ஒரு மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறார். இந்தத் தடவை கோல் எண்ணிக்கையோடு அடித்தவன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் ஐந்து படகு தாண்டும்போது என்னவாகும் என்று தெரியவில்லை.